எந்தத் தெரு விழும்? காலடி மண் சொல்லும்!

பூகம்பம் எந்த நாளில், எந்த மணிக்கு வரும் என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. ஆனால், வந்தால் எந்தத் தெருவில் சேதம் அதிகமாக இருக்கும், எந்தத் தெரு தப்பிக்கும் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடியும். அந்த ரகசியம் வானத்து நட்சத்திரங்களில் இல்லை. காலடி மண்ணில் இருக்கிறது!

கடலில் அதிர்ச்சி, நகரத்தில் அழிவு

1985-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 19-ந் தேதி, வியாழக்கிழமை. மெக்சிகோ நாட்டின் மேற்குக் கரை ஓரத்தில், பசிபிக் கடலுக்கு அடியில் பூமித் தட்டுகள் திடீரென்று நழுவின. அதிர்ச்சியின் அளவு 8. மிகப் பெரிய பூகம்பம் அது.

அப்போது காலை 7 மணி கழிந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் நேரம்.

கடலோர ஊர்களில் சேதம் ஏற்பட்டது. அதில் வியப்பு இல்லை. ஆனால் பெரிய அழிவு நேர்ந்த இடம் கடலோரம் அல்ல. அங்கிருந்து சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி, மலைகளுக்கு நடுவே இருக்கும் தலைநகரமான மெக்சிகோ நகரம்!

350 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ சென்னைக்கும் திருச்சிக்கும் உள்ள தூரம். அவ்வளவு தூரம் வருவதற்குள் பூகம்பத்தின் வேகம் தணிந்துவிட வேண்டும். அன்று தணியவில்லை. தலைநகரத்தில் 400-க்கு மேற்பட்ட கட்டிடங்கள் இடிந்து விழுந்தன. மேலும் 3 ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டிடங்கள் பலத்த சேதம் அடைந்தன. ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிகளும் தப்பவில்லை. அன்றைக்குச் சில நாட்களுக்கு முன்பு பிறந்த பச்சைக் குழந்தைகள் இடிபாடுகளுக்குள் சிக்கிக்கொண்டார்கள். தாய்ப்பால் இல்லை, தண்ணீர் இல்லை. ஆனாலும் பல நாட்கள் கழித்துச் சில குழந்தைகளை உயிரோடு மீட்டார்கள். உலகமே கண்ணீர் விட்டு மகிழ்ந்தது.

அதே நகரம், அதே நிமிடம்

இன்னொரு விசித்திரமும் நடந்தது.

அதே மெக்சிகோ நகரத்தின் தெற்குப் பகுதியில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. அங்கே கட்டிடங்கள் விழவில்லை. நகரத்தின் நடுப்பகுதியிலோ பல மாடிக் கட்டிடங்கள் சீட்டுக்கட்டு சரிவதுபோலச் சரிந்தன.

இரண்டு இடத்துக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரம்தான். பூகம்பம் நடந்த இடத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இரண்டு இடங்களிலும் அதிர்ச்சியை அளக்கும் கருவிகள் இருந்தன. அவை பதிவு செய்ததை விஞ்ஞானிகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பல்கலைக்கழகத்தில் இருந்ததைப்போல சுமார் 5 மடங்கு பலமாக நகரத்தின் நடுப்பகுதி குலுங்கியிருந்தது!

பல்கலைக்கழகம் நிற்பது, பழங்காலத்தில் எரிமலை கக்கிய குழம்பு உறைந்து உண்டான கெட்டிப் பாறையின் மேல். நகரத்தின் நடுப்பகுதி நிற்பது எதன் மேல்?

ஓர் ஏரியின் மேல்!

ஏரி மேல் எழுந்த நகரம்

அது பழைய கதை. அஸ்டெக் என்ற மக்கள் 1325-ம் ஆண்டு வாக்கில் டெஸ்கோகோ என்னும் பெரிய ஏரிக்கு நடுவே ஒரு தீவில் தங்கள் தலைநகரத்தை அமைத்தார்கள். நான்கு பக்கமும் தண்ணீர். கரைக்குப் போக நீண்ட மண்பாதைகள்.

1521-ம் ஆண்டு ஸ்பானியர்கள் படையெடுத்து வந்து அந்த நகரத்தைப் பிடித்தார்கள். அதை இடித்து, அதே இடத்தில் தங்கள் நகரத்தைக் கட்டினார்கள். வெள்ளம் அடிக்கடி தொல்லை கொடுத்தது. எனவே நாளடைவில் ஏரித் தண்ணீரை வெட்டி வெளியேற்றினார்கள். தண்ணீர் வடிந்த தரையில் மேலும் மேலும் வீடுகள் எழுந்தன. தீவும் ஏரியும் ஒன்றாகி, ஒரே நகரம் ஆயின.

மேலே தண்ணீர் மறைந்தது. அடியில் இருந்த ஏரிச் சேறு எங்கே போகும்? அது அங்கேயே இருக்கிறது. அந்தக் களிமண்ணில் ஒரு கூடை எடுத்தால், அதில் மண்ணைவிடத் தண்ணீரே அதிகம். நிலத்தடித் தண்ணீரைக் குடிப்பதற்காக இறைக்க இறைக்க, அந்தக் களிமண் சுருங்கி நகரமே தாழ்ந்துகொண்டு இருக்கிறது.

நகரத்தின் பெரிய சாலை ஒன்றில், தங்க நிறத் தேவதைச் சிலையைத் தாங்கிய ஒரு தூண் இருக்கிறது. 1910-ம் ஆண்டு அமைக்கப்பட்ட சுதந்திர நினைவுத் தூண் அது. ஆழமான அஸ்திவாரம் போட்டதால் தூண் தாழவில்லை. சுற்றியிருந்த தரை தாழ்ந்தது. எனவே தூணின் மேடைக்கு ஏறிச் செல்ல, பிற்காலத்தில் 14 படிகளைப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று!

தயிர்க் கிண்ணமும் ஊஞ்சலும்

சேற்று மண் ஏன் அதிகமாகக் குலுங்குகிறது?

ஒரு கிண்ணத்தில் கெட்டித் தயிர் இருக்கிறது. கிண்ணத்தை விரலால் மெதுவாகத் தட்டினால் கிண்ணம் அசைவது கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் தயிர் மட்டும் தளதளவென்று ஆடும். தட்டுவதை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் ஆடும்.

மெக்சிகோ நகரமும் அப்படித்தான். சுற்றிலும் அடியிலும் இருக்கும் பாறை, கிண்ணம். ஏரிச் சேறு, தயிர். நகரம் கட்டப்பட்டிருப்பது தயிரின் மேல்.

இதோடு முடியவில்லை. அந்தச் சேறு ஒரு தாளத்தோடு ஆடியது. ஒருமுறை போய்த் திரும்ப 2 வினாடி.

ஊஞ்சலில் குழந்தையை வைத்து ஆட்டுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால், சிறிய தள்ளலுக்கே அது உயர உயரப் போகும். நேரம் தப்பித் தள்ளினால் ஊஞ்சல் தடுமாறி நின்றுவிடும்.

கட்டிடங்களுக்கும் இப்படி ஓர் ஆடும் நேரம் உண்டு. குள்ளமான வீடு விரைவாக ஆடும். உயரமான கட்டிடம் மெதுவாக ஆடும். தோராயமாக, 10 மாடிக் கட்டிடம் ஒருமுறை ஆட 1 வினாடி ஆகும். சுவரில் வெடிப்பு விழுந்து கட்டிடம் தளர்ந்தால் அந்த நேரம் இன்னும் கூடும். அப்போது அது சேற்றின் தாளத்தோடு சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு தள்ளலுக்கும் ஆட்டம் பெருகுகிறது. முடிவில் தூண் முறிகிறது.

அன்று விழுந்தவற்றில் பல, ஏறத்தாழ 6 மாடி முதல் 15 மாடி வரை உள்ள கட்டிடங்கள். குள்ளமான பழைய வீடுகள் பல தப்பின. மிக உயரமான ஒரு கோபுரமும் தப்பியது.

மண்ணைக் கேட்டுக் கட்டிய கோபுரம்

அந்தக் கோபுரத்துக்கு லத்தீன் அமெரிக்கக் கோபுரம் என்று பெயர். 44 மாடி. சேறு நிறைந்த நடு நகரத்தில்தான் அது நிற்கிறது. 1956-ம் ஆண்டு கட்டி முடித்தார்கள்.

திறந்த மறு ஆண்டே, அதாவது 1957-ம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு பூகம்பம் வந்தது. நினைவுத் தூணின் மேல் இருந்த தேவதைச் சிலை கீழே விழுந்து உடைந்தது. கோபுரம் விழாமல் நின்றது. 1985-ம் ஆண்டிலும் நின்றது.

மந்திரமா, மாயமா? இரண்டும் இல்லை.

லியோனார்டோ சீவார்ட் என்ற என்ஜினீயர், கட்டிடத்துக்குப் படம் வரைவதற்கு முன்பே மண்ணைத் துளைத்துப் பார்த்தார். எந்த ஆழத்தில் சேறு, எந்த ஆழத்தில் கெட்டி மணல் என்று கணக்கெடுத்தார். சுமார் 33 மீட்டர் ஆழத்தில் இருந்த கெட்டி மணல் அடுக்கு வரை 300-க்கு மேற்பட்ட தூண்களை இறக்கினார்கள். அவற்றின் மேல் கோபுரத்தை எழுப்பினார்கள். பூகம்பம் வந்தால் கட்டிடம் எவ்வளவு வளையும் என்பதையும் முன்பே கணக்கிட்டுப் பார்த்திருந்தார்கள்.

அதே சேறு. அதே பூகம்பம். மண்ணைத் தெரிந்துகொண்டு கட்டிய கோபுரம் நின்றது.

மணல் தண்ணீராகும் அதிசயம்

சேறு ஆடுவது ஒரு வகை ஆபத்து. மணல் தண்ணீராக மாறுவது இன்னொரு வகை.

1964-ம் ஆண்டு ஜூன் மாதம் 16-ந் தேதி ஜப்பான் நாட்டில் நீகாட்டா என்ற நகரத்தில் பூகம்பம் வந்தது. அங்கே ஆற்றங்கரை அருகே வரிசையாக 4 மாடி அடுக்கு வீடுகள் இருந்தன. அவை உடையவில்லை. சுவரில் பெரிய வெடிப்புகூட இல்லை. ஆனால் அப்படியே சாய்ந்தன! ஒரு கட்டிடம் ஏறத்தாழ முழுவதும் மல்லாந்து படுத்துவிட்டது. குடியிருந்தவர்கள் ஜன்னல் வழியாக வெளியே வந்து, சுவரின் மேல் நடந்து இறங்கினார்கள்.

கடற்கரைக்குப் போகிறவர்கள் இதைச் சிறிய அளவில் பார்க்கலாம். அலை வந்து போன ஈர மணலில் நின்று, பாதத்தால் விடாமல் தட்டினால் என்ன ஆகும்? கெட்டியாக இருந்த மணல் இளகும். தண்ணீர் மேலே கசியும். பாதம் உள்ளே இறங்கும்.

வீட்டில் படியால் அரிசி அளக்கும்போது படியைக் குலுக்கினால் அரிசி கீழே இறங்குகிறது அல்லவா? தளர்வான மணலும் குலுங்கினால் அப்படி நெருங்கி இறங்கப் பார்க்கும். மணலுக்கு இடையில் தண்ணீர் நிறைந்திருந்தால், அந்தத் தண்ணீர் தப்பி ஓட நேரம் இல்லை. அது மணலை விலக்கித் தள்ளுகிறது. ஒன்றோடு ஒன்று ஒட்டி நின்ற மணல் துகள்கள் பிரிந்து மிதக்கின்றன. அந்தச் சில நிமிடங்களுக்குத் தரை என்பதே இல்லை. இருப்பது கஞ்சி! கஞ்சியின் மேல் வீடு எப்படி நிற்கும்?

இந்த ஆபத்து எல்லா இடத்திலும் இல்லை. தளர்வான மணல், அதில் நிறைந்த தண்ணீர், பலமான குலுக்கல் ஆகிய மூன்றும் சேர வேண்டும். பழைய ஆற்றுப் படுகை, கடற்கரை, மண் கொட்டி மேடாக்கிய பள்ளம் ஆகிய இடங்களில் இந்த மூன்றும் சேர வாய்ப்பு அதிகம்.

புதைத்தது வெளியே வந்தது

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம் 1906-ம் ஆண்டு பூகம்பத்திலும் அதை அடுத்த தீயிலும் அழிந்தது. பிறகு கடலோரத்தில் தாழ்வான ஒரு பகுதியை, மணலும் இடிபாடுகளும் கொட்டித் தூர்த்தார்கள். 1915-ம் ஆண்டு அங்கே பெரிய பொருட்காட்சி நடந்தது. பொருட்காட்சி முடிந்ததும் அந்த இடத்தில் அழகான வீடுகள் எழுந்தன. மெரீனா என்று அந்தப் பகுதிக்குப் பெயர். அடியில் என்ன கிடக்கிறது என்பதை ஊர் மறந்துவிட்டது.

1989-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 17-ந் தேதி, சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பால் பூகம்பம் நடந்தது. மெரீனா பகுதியின் தரை இளகியது. வீடுகள் சரிந்தன. குழாய்கள் உடைந்தன. தீ பிடித்தது. தரையில் இருந்து மணலும் தண்ணீரும் ஊற்றுப்போலப் பீறிட்டன. அந்த மணலோடு என்ன வந்தது தெரியுமா? கருகிய மரத்துண்டுகள்! 1906-ம் ஆண்டுத் தீயில் எரிந்த வீடுகளின் மிச்சம் அது.

கலிபோர்னியா மாநிலம் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டது. 1990-ம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றியது. மண் இளகக்கூடிய பகுதிகளையும், மலைச்சரிவு சரியக்கூடிய பகுதிகளையும் அரசாங்கமே ஆராய்ந்து படமாக வரைந்து வெளியிட வேண்டும். அந்தப் பகுதிகளில் புதிதாக வீடு கட்ட அனுமதி கேட்டால், முதலில் மண்ணைச் சோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும். வீட்டை விற்கும்போது, இது இப்படிப்பட்ட பகுதி என்று வாங்குகிறவரிடம் சொல்லியாக வேண்டும். மறைத்து விற்கக் கூடாது.

மண்ணுக்கு எப்படிப் பரீட்சை?

மண்ணின் குணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதல் வேலை, பழைய படங்களைத் தேடுவது. நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு வரைந்த படங்களில் எங்கே குளம், எங்கே வாய்க்கால், ஆறு எந்தப் பக்கம் ஓடியது என்று பார்ப்பார்கள். இதற்கு எந்திரம் வேண்டாம்.

இரண்டாவது வேலை, துளை போடுவது. ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவதுபோலத் துளைத்துக்கொண்டே போய், அடுக்கு அடுக்காக மண்ணை எடுத்துப் பார்ப்பார்கள். நடுநடுவே ஒரு சோதனை உண்டு. துளைக்குள் ஒரு குழாயை வைத்து, 63 ½ கிலோ எடையுள்ள சம்மட்டியை முக்கால் மீட்டர் உயரத்தில் இருந்து அதன் தலையில் விழச் செய்வார்கள். குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணுவார்கள். நாலைந்து அடியில் இறங்கினால் மண் தளர்வு. ஐம்பது அடி அடித்தும் இறங்கவில்லை என்றால் மிகக் கெட்டி. இந்த எண்ணிக்கைதான் மண்ணின் மார்க்கு!

மூன்றாவது வேலை, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளப்பது.

நான்காவது வேலை, மண்ணின் தாளத்தைக் கேட்பது. தரையில் ஓர் இரும்புத் தகட்டை வைத்து ஓங்கி அடிப்பார்கள். வரிசையாக வைத்த சிறு கருவிகள், அந்த அதிர்வு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று குறிக்கும். பக்கவாட்டில் அசைக்கும் அதிர்வு, கெட்டிப் பாறையில் வினாடிக்கு 760 மீட்டருக்கு மேல் ஓடும். இளகிய மண்ணில் 180 மீட்டர்கூட ஓடாது. வேகம் குறையக் குறைய ஆட்டம் கூடும் என்பது பொது விதி.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மண்ணுக்கு அது செல்லாது. இந்தத் தெருவில் பாறை இருக்கும், அடுத்த தெருவில் சேறு இருக்கும். எனவே நகரம் முழுவதும் பல இடங்களில் துளைத்துப் பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வண்ணப் படம் வரைகிறார்கள். ஆபத்து அதிகம் உள்ள பகுதிக்கு ஒரு நிறம். குறைவாக உள்ள பகுதிக்கு ஒரு நிறம்.

படத்தால் என்ன பயன்?

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம், மின்சார நிலையம் ஆகியவற்றை எங்கே கட்டலாம் என்று படம் காட்டும். ஊரே விழுந்தாலும் நிற்க வேண்டியவை இவை. இவற்றைக் கெட்டி மண்ணில் கட்ட வேண்டும். வேறு வழி இல்லை என்றால் அதற்கேற்ற அஸ்திவாரம் போட வேண்டும்.

தளர்வான இடத்தில் கட்டவே கூடாது என்பது இல்லை. மணலைத் திமிசு போட்டு இறுக்கலாம். ஜல்லித் தூண்களை இறக்கித் தண்ணீர் வெளியேற வழி செய்யலாம். கெட்டி அடுக்கு வரை தூண் இறக்கிக் கட்டலாம். இத்தனை செலவும் கட்டுப்படி ஆகாத இடத்தைப் பூங்காவாகவும் விளையாட்டு மைதானமாகவும் விட்டுவிடலாம். பூகம்பம் வந்தால் மக்கள் ஓடி வந்து நிற்கவும் அந்த வெட்ட வெளி உதவும்.

ஆனால் படம் வரைந்து அலமாரியில் பூட்டினால் போதாது.

நியூசிலாந்து நாட்டில் கிறைஸ்ட்சர்ச் என்ற அழகிய நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் சதுப்பு நிலமாகவும் ஆற்று வளைவுகளாகவும் இருந்த பூமி அது. அங்கே பூகம்பம் வந்தால் மண் இளகும் என்று 1990-களிலேயே நிபுணர்கள் எச்சரித்திருந்தார்கள். ஆனாலும் ஆற்றோரத்தில் வீடுகள் பெருகின.

2010-ம் ஆண்டு செப்டம்பரிலும், 2011-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதியிலும் பூகம்பங்கள் வந்தன. இரண்டாவது பூகம்பத்தில் 185 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இறந்தது, இடிந்து விழுந்த இரண்டு கட்டிடங்களில். அது கட்டிடத்தின் குறை. ஆற்றோரக் குடும்பங்களின் துயரம் வேறு. அவர்களுடைய வீடுகள் பல இடியவில்லை. ஆனால் தெருவிலும் தோட்டத்திலும் சாம்பல் நிறச் சேறு பொங்கி நிறைந்தது. தரை தாழ்ந்தது. சாக்கடைக் குழாய்கள் நொறுங்கின. வாரிக் கொட்டினார்கள். அடுத்த அதிர்ச்சியில் மறுபடியும் பொங்கியது!

இனி இந்த மண்ணில் வீடு கட்டிப் பயன் இல்லை என்று அரசாங்கம் முடிவு செய்தது. சுமார் 8 ஆயிரம் வீடுகள் இருந்த பகுதியைச் சிவப்புப் பகுதி என்று அறிவித்தது. வீடுகளை விலைக்கு வாங்கி இடித்தது. ஆயுள் முழுவதும் கடன் கட்டி வாங்கிய வீடு, குழந்தைகள் பிறந்து வளர்ந்த தெரு, பழகிய அக்கம்பக்கம் எல்லாவற்றையும் விட்டுக் குடும்பங்கள் வெளியேறின. தெருக்கள் இருந்த இடத்தில் புல் முளைத்தது. வீட்டுக்காரர்கள் நட்ட பழ மரங்கள் மட்டும் ஆங்காங்கே நின்றன.

பணம் கொடுத்தாலும் பழைய தெரு திரும்பி வருமா? அந்த நிலத்தை முதலிலேயே பூங்காவாக விட்டிருந்தால் எந்தக் குடும்பத்துக்கும் அந்த வேதனை இல்லை.

பழைய வீட்டை மறக்கலாமா?

மெக்சிகோ நகரம் 1985-ம் ஆண்டுக்குப் பிறகு கட்டிட விதிகளைக் கடுமையாக்கியது. பாறைப் பகுதி, நடுப்பகுதி, ஏரிப் பகுதி என்ற மூன்றில், ஏரிப் பகுதிக்குப் பலத்த விதிகளை வகுத்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் 19-ந் தேதி பூகம்ப ஒத்திகையும் நடத்தி வந்தது.

2017-ம் ஆண்டு செப்டம்பர் 19. காலை 11 மணிக்கு ஒத்திகை நடந்தது. மக்கள் வெளியே வந்து நின்றுவிட்டு உள்ளே போனார்கள். பகல் 1 மணி 14 நிமிடத்துக்கு உண்மையான பூகம்பமே வந்துவிட்டது! 32 ஆண்டுகள் கழித்து, அதே தேதியில்!

இந்தத் தடவை பூகம்பம் சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில், அருகிலேயே நடந்தது. தாளம் மாறியது. பழைய ஏரியின் ஓரத்தில், சேறு குறைவாக உள்ள பகுதிகளில் ஆட்டம் அதிகமாக இருந்தது. உயரம் குறைந்த மாடிக் கட்டிடங்கள் விழுந்தன. நகரத்தில் 200-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விழுந்த கட்டிடங்களில் பெரும்பாலானவை, புதிய விதிகள் வருவதற்கு முன்பு கட்டியவை.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒரு மண் எல்லாப் பூகம்பத்துக்கும் ஒரே மாதிரி ஆடாது. எனவே மண் படம் ஒருமுறை வரைந்து முடிக்கிற வேலை அல்ல. அடுத்த பாடம், புதிய விதி புதிய வீட்டை மட்டுமே காப்பாற்றும். பழைய கட்டிடங்களைத் தேடிப் பிடித்துப் பலப்படுத்தாவிட்டால் விதி ஏட்டோடு நிற்கும்.

நம் நாட்டில்

இந்தியாவும் இந்த வேதனையை அறிந்த நாடுதான். 2001-ம் ஆண்டு குடியரசு தினத்தன்று காலையில், குஜராத் மாநிலத்தில் கட்ச் பகுதியைப் பூகம்பம் தாக்கியது. 13 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கட்ச் பகுதியில் இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் அகமதாபாத்திலும் மாடிக் கட்டிடங்கள் விழுந்தன. சபர்மதி ஆறு கொண்டு வந்து சேர்த்த ஆழமான வண்டலின் மேல் அமைந்த நகரம் அது. விழுந்த கட்டிடங்கள் பலவற்றில், கார் நிறுத்துவதற்காகத் தரைத் தளத்தைச் சுவர் இல்லாமல் வெறும் தூண்களாக விட்டிருந்தார்கள். கீழே ஆடும் மண், மேலே பலமில்லாத கால்! இரண்டும் சேர்ந்தன.

2002-ம் ஆண்டு, கட்டிட விதிகளுக்காக நாட்டைப் பூகம்ப ஆபத்தின்படி 4 மண்டலங்களாகப் பிரித்தார்கள். அப்போது சென்னை நகரம் 2-வது மண்டலத்தில் இருந்து 3-வது மண்டலத்துக்கு, அதாவது ஒரு படி கூடுதலான ஆபத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு, 2001-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி, புதுச்சேரி அருகே கடலில் நடந்த அதிர்ச்சியைச் சென்னை மக்களும் உணர்ந்தார்கள். 1900-ம் ஆண்டில் கோயம்புத்தூர் பகுதியிலும் ஓர் அதிர்ச்சி நடந்திருக்கிறது.

மண்டலப் படம் நாட்டுக்குப் பொதுவானது. தெருவுக்குத் தெரு மாறும் மண்ணை அது காட்டாது. அதற்காகத்தான் ஜபல்பூர், தில்லி, குவாஹாத்தி, பெங்களூரு போன்ற நகரங்களில் மண்ணைத் துருவி ஆராய்ந்து, நுட்பமான படங்களை வரைந்தார்கள். சென்னையிலும் அத்தகைய ஆய்வு நடந்தது.

சென்னையில் தியாகராய நகர், 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பிய பகுதி. நுங்கம்பாக்கத்தில் ஏரி இல்லை, ஆனால் ‘லேக் ஏரியா’ இருக்கிறது. ‘டேங்க் பண்டு ரோடு’ இருக்கிறது. ஏரி போனாலும் பெயர் போகவில்லை. அங்கெல்லாம் வீடு விழுந்துவிடும் என்று இதற்குப் பொருள் அல்ல. சென்னை, மெக்சிகோவைப்போல அடிக்கடி பெரிய பூகம்பம் வரும் ஊர் அல்ல. ஆனால் அடியில் இருப்பதைத் தெரிந்துகொண்டு கட்ட வேண்டும் என்பதற்கு அந்தப் பெயர்களே நினைவூட்டு.

மனை வாங்கும் முன்பு

ஒரு குடும்பம் மனை வாங்கப் போகிறது. பத்திரத்தைப் பார்க்கிறார்கள். வில்லங்கம் பார்க்கிறார்கள். வாஸ்துகூடப் பார்க்கிறார்கள். மண்ணைப் பார்க்கிறார்களா?

இந்த இடம் முன்பு என்னவாக இருந்தது? குளமா, வயலா, வாய்க்காலா, குப்பை மேடா? அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

மண் கொட்டி மேடாக்கியதா? எவ்வளவு ஆழம் கொட்டினார்கள்? அடுக்கடுக்காக இறுக்கினார்களா, அப்படியே லாரியில் கொண்டு வந்து தட்டினார்களா?

தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது? அடுத்த வீட்டுக் கிணறு காட்டிக்கொடுக்கும்.

அடுக்கு மாடியில் வீடு வாங்குகிறவர்கள், மண் பரிசோதனை அறிக்கை எங்கே என்று கேட்கலாம். அந்த அறிக்கையின்படிதான் அஸ்திவாரம் போட்டார்களா என்று ஒரு என்ஜினீயரைக் கொண்டு பார்க்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை. விலை கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு.

குடும்பம் கேட்க வேண்டியது இவ்வளவு. நகரத்தை ஆளுகிறவர்கள் செய்ய வேண்டியது இன்னும் பெரியது. மண் படத்தை வரைந்து, மக்கள் படிக்கும் மொழியில் வெளியிட வேண்டும். கட்டிட அனுமதி கொடுக்கும் மேஜையில் அந்தப் படம் விரித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். தூர்க்கப்படும் ஒவ்வொரு குளத்தின் கணக்கும் ஊரின் ஏட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், இன்று அதை நேரில் பார்த்தவர்கள் மறைந்த பிறகு, அதன் மேல் பள்ளிக்கூடம் கட்டப் போகிறவர்களுக்கு யார் சொல்வார்கள்?

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது ஆற்றில் இறங்குகிறவனுக்குச் சொன்ன பழமொழி. அஸ்திவாரம் தோண்டுகிறவனுக்கும் அதுவே பொருந்தும்!